பெரிய வீட்டுச் சொந்தம்

"ராணிப்பேட்டைங்க"ன்னான் தேசிங்கு. சொன்னதுக்கப்புறம்தான் உறைச்சுது, கொஞ்சம் வேகமா சொல்லிட்டோம்னு. கேள்வி தரையில விழறதுக்குள்ள பதிலை எடுத்து நீட்டினா கேக்கறவனுக்கு ருசி தட்டிடும். கன்னியப்பனுக்குத் தட்டிடுச்சு. பெரிய வீட்டுல மாடு, மோட்டாரு, நெல்லு மூட்டை எல்லாத்தையும் பாத்துக்கற ஆளு அவரு. தோள்ல துண்டு, காதுல பீடி, வர்ற வண்டி போற வண்டி எல்லாத்தையும் நிறுத்தி விசாரிச்சே பழகின மூஞ்சி. "ராணிப்பேட்டைல எங்க?" "பஸ் ஸ்டாண்டு பக்கங்க." "பஸ் ஸ்டாண்டு பக்கத்துல பஸ்ஸுதானப்பா நிக்கும். நீ எந்தத் தெருவுல கீற?" தேசிங்கு சிரிச்சான். சிரிப்பும் ஒரு தெருதான், அதுல கொஞ்ச தூரம் போலாம். சிரிச்சுக்கிட்டே துணியை எடுத்து, காலையிலயே தொடைச்ச வண்டிக் கண்ணாடியை இன்னொரு தடவை தொடைச்சான். இந்தப் பக்கத்துல இந்தக் கேள்வி படி மாதிரி எறங்கும்னு அவனுக்குத் தெரியும். மொதல்ல ஊரு, அப்பால தெரு, அப்பால குலசாமி, அதுக்கும் சிக்கலைன்னா அங்க இன்னாரைத் தெரியுமான்னு ஒரு பேரு. எந்தப் படியில காலு வழுக்கும்னு சொல்ல முடியாது. ராணிப்பேட்டைல வாடகைக்கு வீடு கேட்டப்போ வீட்டுக்காரரு "நீங்க..."ன்னு இழுத்துட்டு நிறுத்தினாரு. அந்த இழுவைக்குள்ள முழு ஜில்லாவும் உக்காந்திருந்துச்சு. இவன் "ட்ரைவருங்க"ன்னான். அவரு அதை ஜோக்குன்னு எடுத்துக்கிட்டு சாவியைக் குடுத்துட்டாரு. அன்னியிலேருந்து அந்த வீட்டுல கருவாடு வறுத்ததில்ல. அக்கா அம்சா எப்பவாச்சும் பாக்கணும்னா பஸ் ஸ்டாண்டுக்கு வந்து, வறுத்து எடுத்தாந்த கருவாட்டுப் பையை அங்கயே கையில குடுத்துட்டு, அடுத்த வண்டி ஏறிடும். கஞ்சா கடத்தறவன்கூட கொஞ்சம் நின்னு பேசுவான். அக்கா வர்றது எந்த ஊருலேருந்து? இந்த ஊருலேருந்து. இதே கூடம்பாடி. இந்தப் பெரிய வீட்டுப் புங்கமரத்தடியிலேருந்து ஏரிக்கரைப் பக்கம் பாத்தா தண்ணி டேங்கு தெரியுது, அந்த டேங்குக்குக் கீழ காலனி, அதுல தகரம் போட்ட வீடு ஒண்ணு, அதுலதான் தேசிங்கு பொறந்தான். இப்ப கன்னியப்பன் அவன் மூஞ்சியைப் பாக்கற பார்வை நல்லா இல்ல. சின்னப் பையனா மாமன்கூட ராணிப்பேட்டைத் தோல் பதனிடற ஷாப்புக்குப் போனவனை இவருக்கு எப்படித் தெரியும்? தெரியாது. ஆனா அப்பனைத் தெரியும். அப்பன் இந்தக் களத்துல போரடிச்சவன். அப்பனோட தாடையும் புருவமும் அவன் மூஞ்சியில கேக்காமயே வந்து குடியிருக்கு, வாடகையும் தர்றதில்ல, காலியும் பண்றதில்ல.

உள்ள ஹால்ல, இவன் வண்டியில கூட்டியாந்த பொண்ணு பேசற சத்தம் ஜன்னல் வழியா வருது. வெலோஷ்னி மூட்லி. தமிழ் வாய்க்குள்ள நுழையாத தமிழ்ப் பொண்ணு பேரு. தென்னாப்பிரிக்கா, டர்பன். அங்க யுனிவர்சிட்டியில தெற்காசியப் படிப்புன்னு ஒண்ணு இருக்காம், இவளோட பாட்டன் பூட்டன் எங்கேருந்து கரும்புத் தோட்டத்துக்கு வந்தாங்கன்னு இவளே தேடிப் பாத்து எழுதினா பட்டம் குடுத்துடுவாங்களாம். நம்ம ஊருல இதைத் தேடறதுக்குப் பட்டம் தேவையில்ல, கன்னியப்பன் ஒருத்தரு போதும். ஒரு வருசம் தமிழ் படிச்சிருக்கா, புஸ்தகத்துல. மொத நாளு வண்டியில ஏறினதும், "அண்ணா, தாங்கள் உணவு உண்டீர்களா?"ன்னா. தேசிங்கைப் பொறந்ததுலேருந்து யாரும் தாங்கள்னு சொன்னதில்ல. பின்னாடி வேற யாராச்சும் நிக்கறாங்களான்னு கண்ணாடியில பாத்தான். நல்ல பொண்ணு. அதுதான் கஷ்டம். ஆரணி ரோட்டு டீக்கடையில, நாலு பேரு நிக்கறப்ப, சர்க்கரை போடவா வேணாமாங்கற மாதிரி, "அண்ணா, உங்கள் சாதி என்ன? ஆய்வுக்காகக் கேட்கிறேன்"ன்னு கேட்டா. டீ ஆத்தறவன் கையி அந்தரத்துல நின்னுச்சு. "ட்ரைவரும்மா"ன்னான். "அது தொழில் அல்லவா?" "இங்க அது போதும்மா." அவ அதையும் போன்ல எழுதிக்கிட்டா. எழுதட்டும். ஆனா அதுக்கப்புறம் செய்யாறு தாண்டி வர்றப்ப அவ ஒண்ணு சொன்னா பாரு, அதுலேருந்துதான் இவனுக்கு ஸ்டியரிங் கையில நிக்கல. எங்கள் வீட்டில் ஆண்டுக்கு ஒரு முறை ஒரு வழிபாடு உண்டு, கார் நிறுத்தும் கொட்டகையில் செய்வோம்னா. பாட்டும் கிடையாது, மணியும் கிடையாது. முறத்தைக் கவுத்துப் போட்டு அது மேல கூழை ஊத்தி, எல்லாரும் ஒருத்தருக்கு ஒருத்தர் முதுகைக் காட்டி உக்காந்து, பேசாம சாப்பிட்டு எழுந்து போயிடுவாங்களாம். ஏன்னு யாருக்கும் தெரியாதாம். அவளோட பேராசிரியர் அது ஏதோ மௌன விரதம்னு சொன்னாராம். வண்டி சாலையை விட்டு எறங்கி ஒரு மைல் கல்லுக்கு முத்தம் குடுக்கப் பாத்துச்சு. "நாய் குறுக்க வந்துடுச்சும்மா"ன்னான். நாயே இல்லாத ரோடு அது.

அவனுக்குத் தெரியும் ஏன்னு. அந்தக் காலனியில நாலு வீட்டுக்கு மட்டும் தெரியும், ஏன்னா அந்த நாலு வீடுதான் அதைச் செய்யுது. வெள்ளைக்காரன் காலத்துல குட்டியம்மான்னு ஒருத்தி. களத்துல முறத்தால நெல்லு தூத்தற வேலை. புள்ளத்தாச்சி, பசி பொறுக்கல. ஒரு பிடி நெல்லை உள்ளங்கையில வெச்சுத் தேய்ச்சு, கண்காணிக்கறவனுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்னு வாயில போட்டுக்கிட்டா. அந்த முதுகுலதான் அடிச்சாங்க. மூணாம் நாளு போயிட்டா, வயித்துல இருந்ததும் போயிடுச்சு. மூத்தவனுங்க ரெண்டு பேரு மிஞ்சினானுங்க. ஒருத்தன் இங்கயே கெடந்தான், அவன் வழியில தேசிங்கு. ஒருத்தன் பொன்னன், மெட்ராஸுக்கு நடந்தே போயி கப்பல் ஏறிட்டான்னு பேச்சு. அவ்வளவுதான் பேச்சு. போனவன் என்ன ஆனான், கடல்ல போட்டாங்களா கரையில போட்டாங்களா, யாருக்கும் தெரியாது. தெரிஞ்சுக்கணும்னு யாருக்கும் நேரமும் இல்ல. இப்ப அந்தப் பொன்னனோட வழி வெலோஷ்னின்னு பேரு வெச்சுக்கிட்டு, வெள்ளை ஷூ போட்டுக்கிட்டு, ஏசியைக் கொஞ்சம் குறைக்க இயலுமான்னு கேட்டுக்கிட்டு, இவன் வண்டியிலயே பின் சீட்டுல உக்காந்து வருது. குட்டியம்மாவுக்கு அப்படி ஒரு பேரு வாயில வந்திருக்குமா? வந்திருக்காது. இவனுக்கே வரல, "மா"ன்னுதான் கூப்பிடறான். கப்பல்ல ஏறும்போது பொன்னன், எறங்கும்போது மூட்லி. நடுவுல கடல்தான் இருந்துச்சு, கன்னியப்பன் இல்ல. தைரியமா எந்தப் பேரை வேணும்னாலும் போட்டுக்கலாம். கெட்டிக்காரன்தான். தேசிங்கு அறுபது கிலோமீட்டர் தள்ளிப் போயி ட்ரைவருன்னு சொல்லிக்கறான், அவன் ஒரு சமுத்திரத்தையே தாண்டிட்டு சொன்னான். ஆனா அவன் சொன்னது இன்னிக்கி வந்து யாரு வீட்டு ஹால்ல உக்காந்திருக்கு பாரு. அடிச்ச வீட்டுல. அதே களம் கொல்லைப்பக்கம்தான் இருக்கு, இப்ப சிமெண்டு போட்டிருக்காங்க.

எப்படி இங்க வந்து சேந்தாள்னா, ஊருக்குள்ள நுழைஞ்சதும் பால் சொசைட்டியில நிறுத்தி, அவளே எறங்கிப் போயி, நான் மூட்லி குடும்பத்தைச் சேர்ந்தவள், என் முன்னோர் இவ்வூரினர்னு சொல்லிட்டா. தடுக்கறதுக்குள்ள சொல்லிட்டா. முதலியாருங்களா, பெரிய வீட்டுக்குப் போங்கன்னு ரெண்டு பேரு வழி காட்டினாங்க, ஒருத்தன் பைக்ல முன்னாடியே வந்து கதவைத் திறக்கச் சொன்னான். வர்ற வழியில பஸ் ஸ்டாப்புல அம்சா அக்கா நின்னுச்சு. நூறு நாளு வேலைக்குப் போயிட்டுத் திரும்பியிருக்கும், கையில கூடை, தலையில துண்டு. வண்டியைப் பாத்துச்சு, வண்டி நம்பரு தெரியும், ஒரு அடி முன்னாடி வெச்சுது. தேசிங்கு கண்ணாடியை ஏத்திட்டான். கறுப்புக் கண்ணாடி, ஏறறப்ப சத்தமே வராது, அவ்வளவு நல்ல கண்ணாடி. அக்கா வெச்ச அடியைத் திருப்பி எடுத்துக்கிச்சு. பின் சீட்டுல இவ, "அண்ணா, அந்தப் பெண்மணி நம்மை அழைத்தாரோ?"ன்னா. "பஸ்ஸுக்கு நிக்கறாங்கம்மா." பெண்மணி. அக்கா கேட்டிருந்தா சிரிச்சே செத்திருக்கும். இந்தப் பொண்ணுக்கும் அக்காவுக்கும் ஒரே மாதிரி முன்நெத்தி, ரெண்டு பக்கமும் உள்ள போயி நடுவுல ஒரு மூக்கு மாதிரி மயிரு எறங்கி வரும். முன்னாடி மாட்டின கண்ணாடியில ஒரே நேரத்துல ரெண்டு நெத்தியும் தெரிஞ்சப்ப இவன் கண்ணாடியை லேசாத் திருப்பி வெச்சான், அப்பால வெறும் ரோடுதான் தெரிஞ்சுது.

"அந்தப் பொண்ணு எங்க பெரியவருக்குப் பேத்தி மொற ஆவுதாம்"னாரு கன்னியப்பன். "அப்படிங்களா." "பெரியவரோட தாத்தாவுக்கு ஒரு தம்பி கோவிச்சுக்கினு போயிட்டாராம். பொன்னம்பலம்னு பேராம். அந்தப் பொண்ணு பொன்னன்னு சொல்லிச்சு, இவரு உடனே புடிச்சுக்கினாரு. இருவது வருசமா இந்த வூட்டுல கீறேன், இப்பிடி ஒரு தம்பியை நான் கேட்டதே இல்ல." சொல்லிட்டு கன்னியப்பனே மூக்கால ஒரு தடவை சிரிச்சுக்கிட்டாரு. ஜன்னல் வழியா பெரியவரு குரல். "மூட்லின்னு சொல்றது நம்ம முதலிதான்மா. வெள்ளைக்காரன் வாயில போயி நசுங்கிடுச்சு. நீ நம்ம பொண்ணு." அப்பால அந்தப் பொண்ணு மூக்கை உறிஞ்சற சத்தம் கேட்டுது. அழுவுது. எல்லாக் கடலும் தாண்டி வந்து, யாரோ ஒரு கெழவன் நீ நம்ம பொண்ணுன்னு சொன்னதும் அழுவுது. அழட்டும். இது பொய்யின்னு யாரு சொல்லப் போறா? இப்படியே விட்டுடலாம். வெள்ளி டம்ளர்ல காப்பி, மதியம் இலை போட்டு சாப்பாடு, வாழைக்காய் வறுக்கற வாசனை இப்பவே வருது, நாளைக்கி அவங்க குலசாமி கோயில்ல மாலை போடறதாச் சொல்லியிருக்காங்க, போட்டோ எடுத்துக்கிட்டு ஊருக்குப் போயி எழுதிடுவா, நான் பெரிய வீட்டுப் பொண்ணுன்னு. பேராசிரியரும் பட்டம் குடுத்துடுவாரு. யாருக்கு என்ன நஷ்டம்? குட்டியம்மாவுக்கு நஷ்டப்பட மிச்சம் ஒண்ணும் இல்ல. இல்ல, வேணாம், திரும்பிப் போறப்ப வண்டியில சொல்லிடலாம். அம்மா, நீ அந்த வீட்டுப் பொண்ணு இல்ல, நீ நம்ம வீட்டுப் பொண்ணு. நம்மங்கற வார்த்தையிலயே நாக்கு நிக்குது. எத்தனை காலமாச்சு அந்த வார்த்தையை சத்தமா சொல்லி. சரி, சொல்லிட்டோம்னே வெச்சுக்குவோம். இந்தப் பொண்ணு சும்மா இருக்குமா? வண்டியைத் திருப்புங்கள் அண்ணா, நம் உறவினரைக் காண வேண்டும்ங்கும். வண்டி காலனியில போயி நிக்கும். அக்கா வாசல்ல, டேங்குக்கடியில, ராணிப்பேட்டை டிராவல்ஸுன்னு எழுதின வண்டி. கன்னியப்பன் மோட்டாரு போடப் போறவரு பாப்பாரு. பொழுது சாயறதுக்குள்ள டிராவல்ஸ் ஓனருக்குத் தெரியும், அவரு இந்த வீட்டுக்குச் சம்பந்தி மொற. மறுநாளு வீட்டுக்காரரு வந்து, புள்ளைக்குக் கல்யாணம் வெச்சிருக்கோம், வீடு தேவைப்படுதும்பாரு. இந்த மாதிரி நேரத்துல வீட்டுக்காரனுங்க புள்ளைங்களுக்கெல்லாம் திடீர்னு கல்யாணம் கூடிடும். இவன் பொண்ணு மோனிஷா காலேஜ்ல ரெண்டாவது வருசம், சிநேகிதிங்க வீட்டுக்கு வந்து அவ தட்டுலயே கை வெச்சு சாப்பிடுதுங்க, அவ மூஞ்சியில அப்ப ஒரு சிரிப்பு வரும். அந்தச் சிரிப்பு. இந்தப் பொண்ணு அடுத்த வாரம் ப்ளேன் ஏறிடும். ஏறிப் போயி உண்மையை எழுதும், அங்க கை தட்டுவாங்க, அங்க அது பெருமை. இங்க இருக்கறவன் எதுல ஏறறது?

ஆனா சொல்லாம விட்டா மட்டும் நிக்குமா? அதுதான் இப்ப குடையற குடைச்சலு. அவ வாயி. அவ போன்ல வெச்சிருக்கற கதையில அந்தக் கொட்டகைச் சாப்பாடுதான் முக்கியமான கதை. போற எடமெல்லாம் சொல்றா, ஓட்டல்ல சொன்னா, தோசை வெச்சவன்கிட்ட சொன்னா. அதை இந்த வீட்டுல சொன்னா முடிஞ்சுது. அது எதுக்குன்னு இவங்களுக்கும் தெரியும். காலனியில குட்டியம்மாவுக்குப் படைக்கற அன்னிக்கி இந்த வீட்டுல களத்துக் கதவைச் சாத்திடுவாங்க. விடிகாலையில ஒரு மரக்கா நெல்லு காலனி முனையில கொண்டாந்து வெச்சிட்டுப் போயிடுவாங்க, யாரும் பாக்காத நேரமாப் பாத்து. யாரும் அதைத் தொட மாட்டாங்க. காக்கா தின்னும், எலி தின்னும், மழை வந்தா மொளைக்கும். சின்ன வயசுல தேசிங்கு அந்த நாத்தைப் பாத்திருக்கான், தார் ரோட்டு ஓரத்துல பச்சையா. தப்பு பண்ணினவங்களும் மறக்கல, பட்டவங்களும் மறக்கல, ரெண்டு பேரும் வாயைத் திறக்கறதில்ல, அவ்வளவுதான் ஊரு. இப்ப ஒருத்தி வாயைத் திறந்துக்கிட்டே அலையறா. போயி ஹாரன் அடிக்கலாமா? டயரு பஞ்சருன்னு சொல்லலாமா? உள்ள போயி, அம்மா போன் வந்துச்சுன்னு கூப்பிடலாமா? உள்ள போறதா, அந்தப் படியிலயா? அப்பன் அந்தப் படிக்கு இந்தப் பக்கம் நின்னுதான் கூலி வாங்குவான், துண்டை இடுப்புல கட்டிக்கிட்டு. தேசிங்கு ஷூ போட்டிருக்கான், பேண்டு போட்டிருக்கான், பான் கார்டு வெச்சிருக்கான், காலு மட்டும் புங்கமரத்து நிழல் கோட்டைத் தாண்ட மாட்டேங்குது. நிழல் நகந்தா தாண்டலாம்னு நின்னான். நிழல் அவனைவிட சோம்பேறி.

உள்ள ஒரு பொம்பளைக் குரல், மருமகளா இருக்கும், "உங்க வீட்டுல சாமியெல்லாம் எப்படிம்மா கும்புடுவீங்க? தீபாவளி உண்டா?"ன்னு கேட்டுது. கேக்காதம்மா. வாழைக்காய் தீயுது பாரு, போயி திருப்பிப் போடு. "தீபாவளி உண்டு. பொங்கல் உண்டு. மாரியம்மனுக்குக் கூழும் உண்டு." போதும், அதோட நிறுத்து. "இன்னொன்றும் உண்டு. அதைப் பற்றித்தான் தங்களிடம் கேட்க வேண்டும் என்று வந்தேன்." தேசிங்கு துணியை இறுக்கிப் பிழிஞ்சான், காஞ்ச துணி. அவ சொன்னா. முறத்தைச் சொன்னா, கூழைச் சொன்னா, முதுகைச் சொன்னா. தெளிவா, நிறுத்தி நிறுத்தி, ஒரு எழுத்து தப்பில்லாம, வாத்தியார்கிட்ட ஒப்பிக்கற பொண்ணு மாதிரி. சொல்லி முடிச்சதும் ஃபேன் சத்தம் மட்டும் கேட்டுது. பழைய ஃபேனு, சுத்துக்கு ஒரு தடவை டக்குனு ஒரு அடி விழுது. "அது எதற்காக என்று தங்களுக்குத் தெரியுமா, தாத்தா?" டக். டக். பெரியவரு செருமினாரு. "தெரியலம்மா"ன்னாரு. அந்தக் குரல்ல இப்ப 'நம்ம பொண்ணு' இல்ல. "கன்னியப்பா"ன்னு கூப்பிட்டாரு, அது வேற குரலு, வேலைக்காரனைக் கூப்பிடற சாதாரணக் குரலு, ஆனா அதுதான் ரொம்ப நேரம் கழிச்சு அந்த வீட்டுலேருந்து வந்த நிஜமான குரலு மாதிரி இருந்துச்சு.

கன்னியப்பன் துண்டைத் தோள்லேருந்து எடுத்துக் கக்கத்துல வெச்சுக்கிட்டு ஓடினாரு. திரும்பி வர்றப்ப நடந்து வந்தாரு. "வண்டியைத் திருப்பி வெய்யி, ட்ரைவரே. சாப்பாடு இல்லியாம். பங்காளி வூட்டுல யாரோ பூட்டாங்களாம், தீட்டு." "எந்தப் பங்காளிங்க?" "அதான் எனக்கும் தெரியல. எனக்குத் தெரியாத பங்காளி, எனக்குத் தெரியாத சாவு. இன்னா சொல்லிச்சு அந்தப் பொண்ணு உள்ள?" "இங்கேருந்து ஒண்ணும் கேக்கலைங்க." வாழைக்காய் வாசனை நின்னு போச்சு, அடுப்பை அணைச்சிருப்பாங்க. கொல்லைப் பக்கம் மருமக வந்தா. கையில அந்த வெள்ளி டம்ளரு. துணி துவைக்கற கல்லு மேல தனியா வெச்சா, கொஞ்சம் யோசிச்சா, தேய்க்கறதுக்குப் புளியை எடுத்தாரப் போற மாதிரி உள்ள போனா, போனவ வரல. வெயில்ல அது பளபளன்னு நின்னுச்சு, பாத்தா கோயில்ல வெச்ச மாதிரிதான் இருந்துச்சு. தேசிங்குக்குக் கோவம் வரும்னு காத்துக்கிட்டு நின்னான். வரல. வந்தது வேற, ரொம்ப நாளாத் தெரிஞ்ச ஒரு களைப்பு, சொந்தக்காரன் மாதிரி வந்து பக்கத்துல உக்காந்துக்கிச்சு. இது இப்படித்தான் முடியும்னு செய்யாறுலயே தெரியும் இல்ல? தெரியும். தெரிஞ்சும் ஏத்திக்கிட்டுதான வந்தே? ஏத்திக்கிட்டு வர்றதுதான் வேலை.

வெலோஷ்னி படியில எறங்கி வந்தா. மூஞ்சியில குழப்பம், கையில ஒரு வெத்தலைப் பாக்குக்கூட இல்ல. பின்னாடி கதவு சாத்தற சத்தம் கேக்கல, ஆனா சாத்தித்தான் இருந்துச்சு. புங்கமரத்துக்கு நேரா வந்து, அவன் முன்னாடி நின்னா. "அண்ணா, அவர்கள் என்னை அணைத்தார்கள். பிறகு ஒரு மரணம் என்றார்கள். நாளை கோயிலும் இல்லையாம்." "ஆமாம்மா, கேட்டேன்." "நான் ஏதேனும் பிழையாகக் கூறிவிட்டேனா?" அந்த நெத்தியில வேர்வை, மயிரு ஒட்டிக்கிட்டு அப்படியே அக்கா மாதிரி. "பிழை இல்லம்மா"ன்னான். "எல்லாம் சரியாத்தான் சொன்னே." அவ அவனைப் பாத்தா. மொத தடவையா இவன் கண்ணாடி வழியா இல்லாம நேரா அவளைப் பாத்தான். "சரியாகச் சொன்னேன் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?" கேள்வி வந்து நின்னுடுச்சு. தப்பிக்கத் தெரு இல்ல, சிரிப்பும் இல்ல. வாயைத் திறந்தான். தொண்டையில ஒரு சத்தம் கெளம்பி வர்றதை அவனாலயே கேக்க முடிஞ்சுது, அது பேரா, ஊரா, வெறும் இருமலான்னு அவனுக்கே இன்னும் தெரியல. அவ போனைக்கூட எடுக்கல. சும்மா நின்னா, காத்துக்கிட்டு, யாருமே அவனுக்காக அப்படி நின்னதில்ல.

"ட்ரைவரே"ன்னு களத்துப் பக்கத்துலேருந்து கன்னியப்பன் கத்தினாரு. "நெல்லு டிராக்டரு வருது, உன் வண்டி வழியை மறிச்சுக்கினு நிக்குது. சீக்கிரம் வா."

"தோ வரேங்க"ன்னான். அவ்வளவு லேசா வந்துச்சு அந்த வார்த்தை. "ஒரு நிமிசம்மா"ன்னு அவகிட்ட சொல்லிட்டு, சாவியை எடுத்துக்கிட்டுப் போனான்.